மதினி எண்ணிய குஞ்சுகள்

“காலை ஆறேகால். கண்மாயில் முக்கால்வாசித் தண்ணீர். கருவேல மரத்தில் வெள்ளையாக ஐந்து. கொக்கு மாதிரி இருக்கிறது, கொக்கு இல்லை.”

மதினி எழுதிய முதல் குறிப்பு இது. எண்பதுகளின் கடைசி. என் அண்ணன் மனைவியான அவர் மம்சாபுரத்திலிருந்து பஸ் ஏறி ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைக்கு வேலைக்குப் போய்வந்தார். பஞ்சுத் தூசியில் மூச்சு இரைக்க ஆரம்பித்ததும், காலையில் நல்ல காற்றில் நடக்கச் சொன்னார் டாக்டர். கண்மாய்க் கரையில் நடந்தவர், மூன்றாம் நாளே நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிவிட்டார். அந்த ஐந்தும் அரிவாள்மூக்கன் என்று ஆடு மேய்ப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இரண்டு வாரம் ஆயிற்று. தவறாக எழுதியதை அழிக்க மாட்டார். ஒரு கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் தேதியோடு எழுதுவார். நான் அப்போதுதான் விலங்கியலில் பட்டம் வாங்கியிருந்தேன். அந்த நோட்டில் நான் செய்ததெல்லாம் எழுத்துப்பிழை திருத்திச் சிரித்தது மட்டுமே.

இரண்டாம் வருடம், மரங்களில் கூடுகள் நிறைந்திருந்த தை மாதத்தில், கண்மாய்க் கருவேலங்களை வெட்ட ஏலம் விட்டார்கள். குஞ்சுகள் பறக்கும்வரை இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லிக் கேட்க, மதினி நோட்டோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வனத்துறை அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். அதிகாரி எங்களை உட்காரச் சொல்லவில்லை. என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எட்டாவது என்றார் மதினி. நோட்டைப் புரட்டியவர் கோடு போட்ட இடமாகப் பார்த்து விரலை வைத்தார்.

“நீங்களே தப்புன்னு அடிச்சு வச்சிருக்கீங்க. இதை எப்படிம்மா நம்புறது?”

“தப்புன்னு தெரிஞ்ச அன்னைக்கே அடிச்சேன் சார். மறைக்கலையே.”

அவர் நோட்டை மூடித் தள்ளிவிட்டார். நேர்மையையே குற்றமாக்கிய அந்த விரலை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அதைவிட ஆத்திரம் என் மேல்தான். கூடு கட்டிய மரத்தை வெட்டக் கூடாது என்று சொல்ல எனக்குப் படிப்பு இருந்தது, வாய் வரவில்லை.

நான்காம் நாள் வெட்டினார்கள். நாங்கள் போனபோது, சாய்ந்த கிளைகளுக்கு அடியில் இறகு முளைக்காத குஞ்சுகள் சேற்றில் கிடந்தன. சில இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடின. தாய்ப்பறவைகள் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. மதினி அழவில்லை. குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

“இந்தப் பக்கம் நான் எண்ணிட்டேன் தம்பி. அந்தப் பக்கம் நீங்க எண்ணுங்க. நீங்க எழுதி, படிச்ச படிப்பையும் போட்டுக் கையெழுத்துப் போடுங்க. அப்பவாச்சும் நம்புறாகளான்னு பாப்போம்.”

எண்ணினேன். இரண்டு பக்கமும் சேர்த்து நூற்றுப் பதினேழு. பறவைகளைப் பற்றி நான் எழுதிய முதல் வரி அதுதான். பட்டத்தோடு கையெழுத்திட்டு, நகலெடுத்துப் பதிவுத் தபாலில் அதே அலுவலகத்துக்கு அனுப்பினோம்.

ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. நேரில் ஆய்வு செய்ததில் அவ்விடத்தில் பறவைகளோ கூடுகளோ ஏதும் காணப்படவில்லை என்று நான்கு வரி. மதினி அதை இரண்டு தரம் படித்தார்.

“எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்து பாத்தாகளாம் தம்பி?”

காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். அது எங்கும் எழுதியிருக்கவில்லை.