பேசாமல் இருந்த ஸ்பீக்கர்

எங்கள் குப்பத்தில், மீன் ஏலம் விடும் கொட்டகையை ஒட்டிய அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லினக்ஸ் போட்டது. கடல் எச்சரிக்கை இணையத்தில் வந்தால் கம்பத்து ஸ்பீக்கரில் அதுவே படித்துவிடும். கரண்ட் போய் வந்தால் மட்டும் ஒரு தொல்லை. கம்ப்யூட்டர் தானாக எழுந்துகொள்ளும், வைஃபை எழாது. நான் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போன பிறகுதான் அது சேரும்.

அன்று சித்தி வீட்டு விசேஷத்துக்கு ஆரம்பாக்கம் போயிருந்தேன். பந்தியில் உட்காரும்போது பந்தல் துணி உப்பிக்கொண்டு படபடவென்று அடித்தது. போனைப் பார்த்தேன். காலையிலேயே எச்சரிக்கை வந்திருந்தது. அப்பாவைப் பற்றிக் கேட்க அம்மாவைக் கூப்பிட்டேன்.

"நைனா எங்கம்மா?"

"கடலுக்குப் போயிட்டாரு. ஸ்பீக்கர் ஒண்ணியும் சொல்லலியே, காத்து நல்லாத்தான் கீதுன்னு எல்லாருந்தான் போனாங்க."

"கரண்ட் போச்சா?"

"போயிட்டு வந்திச்சி. இன்னாத்துக்குக் கேக்கற?"

நைனாவின் போன் கிடைக்கவில்லை. இலையை விட்டு எழுந்து பஸ் பிடித்தேன். வழியெல்லாம் சாலையை ஒட்டிய ஏரி கறுத்துக் கிடந்தது.

அறையைத் திறந்தேன். திரை பாஸ்வேர்டு கேட்டபடி நின்றது. போட்டேன். வைஃபை சேர்ந்தது. அடுத்த நொடி ஸ்பீக்கர் அலறத் தொடங்கியது: "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்." கரையில் ஒரு படகுகூட இல்லை. அங்கே நின்ற பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஸ்பீக்கரை அணைத்தேன்.

பொழுது சாயும்போது படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. நைனாவின் படகு கடைசி. வலையை அறுத்து விட்டுவிட்டு வந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"இன்னாம்மா, அது பேசவே இல்லியே?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலாம்.

மறுநாள் வேறு வேலை பார்க்கவில்லை. வைஃபை கருவியில் கோளாறு இல்லை, அதை இயக்கும் டிரைவர் மென்பொருளும் சரியாகவே ஏறியிருந்தது. கடைசியில் இணைப்பின் அமைப்புக்குள் போய்ப் பார்த்தேன். வைஃபையின் கடவுச்சொல் என் கணக்குக்குள் மட்டும் சேமிக்கப்பட்டிருந்தது. நான் நுழையாதவரை அது கம்ப்யூட்டருக்கே தெரியாது. எல்லாப் பயனர்களுக்கும் என்று மாற்றி, அணைத்துப் போட்டேன். எதையும் தொடாமல் நின்றேன். வைஃபை தானாகச் சேர்ந்தது.

எச்சரிக்கை இல்லாத நாளிலும் அதைச் சொல்லும்படி வைத்துவிட்டேன்; ஸ்பீக்கர் இப்போது தவறாமல் பேசுகிறது. "இன்று எச்சரிக்கை எதுவும் இல்லை" என்று அது சொன்ன பிறகும் நைனா உடனே படகைத் தள்ளுவதில்லை. கிழக்கே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நிற்கிறார்.