வலப்பக்க ஸ்டாண்டு

பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பேப்பர் கப் செய்யும் ஷெட்டுக்கு அடுத்து இருக்கிறது எங்கள் பட்டறை. கம்பெனி செய்து அனுப்பிய பைக்கை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, வெட்டி, வளைத்து, ஊரில் இன்னொன்று இல்லாதபடி செய்து கொடுப்பதுதான் எங்கள் தொழில். நான் அங்கே வெல்டர். பொம்பளை வெல்டிங் பண்ணுவியா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. முகமூடியை இறக்கிவிட்டு வேலையைப் பார்ப்பேன். பீன்யாவில் மின்சாரப் பெட்டிகள் செய்யும் ஃபேக்டரியில் வருஷக்கணக்கில் தகடு ஒட்டிப் பழகிய கை இது.

கையைச் சொல்லிவிட்டேன், காலையும் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த போலியோ என் இடது காலை எடுத்துக்கொண்டது. தொடையிலிருந்து செருப்பு வரை இரும்புப் பட்டை போட்ட காலிப்பர் மாட்டியிருக்கிறேன். உட்காரும்போது முட்டியில் இருக்கும் பூட்டை எடுத்துவிட்டால் மடங்கும், அவ்வளவுதான். எங்கே போனாலும் என் இடது பக்கத்தில் அக்கா வருவாள். சின்ன வயதில் இடுப்பில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவள், இப்போது கார்மெண்ட்ஸில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து என்னைப் பட்டறையிலிருந்து கூட்டிப்போவாள். அவள் வர நேரமானால் நான் காத்திருப்பேன். அவளுக்கு உடம்பு சரியில்லை என்றால் எனக்கும் லீவு.

ஒருநாள் வைட்ஃபீல்டில் வேலை பார்க்கும் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். அவருடைய பைக்கில் காலால் போடும் கியரை எடுத்துவிட்டு, டேங்குக்கு இடப்பக்கம் நீளமான கம்பி வைத்து, கையால் கியர் போடும்படி மாற்ற வேண்டுமாம். பழைய காலத்து வெளிநாட்டு ஸ்டைல் என்று போனில் படம் காட்டினார். இடது கை கியரில் இருந்தால் கிளட்சை யார் பிடிப்பது? கிளட்ச் பிடியையே அந்தக் கம்பியின் தலையில் வைத்துவிட்டால், ஒரே கை அமுக்கியபடி தள்ளிவிடும் என்று நான் சொன்னேன். அப்படியே செய்து கொடுத்தேன். மனிதர் குதூகலமாக எடுத்துப்போனார். போன வேகத்தில் திரும்பியும் வந்தார். டிராஃபிக்கில் கை சிக்கிக்கொள்கிறது, பழையபடி காலுக்கே மாற்றிவிடுங்கள் என்றார். நல்ல மனிதர்தான். கோபப்படவில்லை, தன்னைத்தானே கேலி செய்துகொண்டு போனார். கழற்றிய கம்பி பழைய இரும்புப் பெட்டிக்குப் போனது.

அந்தக் கம்பியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பைக்கில் இடது காலுக்கு இருக்கும் வேலை கியர் மட்டும்தான். அதைக் கைக்குக் கொண்டுவந்துவிட்டால், வலது காலுக்குப் பிரேக் இருக்கிறது, வலது கைக்கு ஆக்ஸிலேட்டர் இருக்கிறது. எனக்குத் தேவையான பைக்கை நானே இன்னொருவருக்குச் செய்து கொடுத்து, நானே கழற்றியும் வைத்திருக்கிறேன்.

பட்டறை முதலாளியிடம் போய்க் கேட்டேன். இரண்டு தலைமுறையாக இந்த ஊர்க்காரர், நல்ல மனசுக்காரர். 'கொஞ்சம்' என்பதைக்கூடக் கன்னடத்தில் 'சொல்ப' என்றுதான் சொல்வார்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்? ஒரு ஸ்கூட்டர் எடு. நானே சைடு வீல் மாட்டித் தரேன். சொல்ப சேஃபா இருக்கும்."

"அவரு கையில கியர் போட்டா ஸ்டைலு. நான் போட்டா டேஞ்சரா அண்ணா?"

அவர் எழுந்து பழைய இரும்புப் பக்கம் போனார். பெட்டியைக் கிளறிக் கம்பியை எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

சைடு வீல் ஸ்கூட்டரில் போகிறவர்களை நான் ஒரு குறையும் சொல்லவில்லை. அதில் போய்த்தான் எத்தனையோ பேர் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். எனக்கு அது வேண்டாம், அவ்வளவுதான். ஒரு வண்டி வேண்டாம் என்று சொல்ல மற்றவர்களுக்குக் காரணம் தேவையில்லை. நிறம் பிடிக்கவில்லை என்றால் போதும். நான் மட்டும் ஏன் ஊரைக் கூட்டி நியாயம் சொல்ல வேண்டும்?

யாரோ கைவிட்டுப் போன நூற்றைம்பது சிசி வண்டி ஒன்றை, ஆர்.சி. புத்தகமெல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்து வாங்கினேன். வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதோடுதான். எங்கள் வேலையில் எதையும் உடனே முழுதாக ஒட்டிவிட மாட்டோம். முதலில் ஒரு பொட்டு வைத்த மாதிரி டாக் அடிப்போம். உட்கார்ந்து பார்ப்போம், தட்டிப் பிரிப்போம், நகர்த்தி மறுபடி பொட்டு வைப்போம். வாடிக்கையாளர் உடம்புக்கு வண்டியைப் பொருத்துவது என்றால் இதுதான். இந்த முறை அந்த உடம்பு என்னுடையது. வண்டியைக் கட்டைமேல் ஏற்றி நானே உட்காருவேன், நானே இறங்குவேன், நானே பிரிப்பேன். கியர் போடும்போது வலது கை மட்டும்தான் ஹேண்டிலில் இருக்கும் என்பதால் ஹேண்டிலை அகலமாக வைத்தேன். இடது கால் வழுக்கி விழாமல் இருக்க, காலிப்பரின் அடிப்பாகம் உட்காரும்படி ஒரு தகட்டைக் கிண்ணமாகத் தட்டி ஒட்டினேன். பின்னால் ஒருவர் உட்காரும் சீட்டை எடுத்துவிட்டால் பார்க்க அழகாக இருக்கும் என்று பட்டறையில் எல்லோரும் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை.

சைடு ஸ்டாண்டு எல்லா வண்டியிலும் இடப்பக்கம்தான். இடது காலால் தள்ளிவிட என்னால் முடியாது. அதனால் அதையும் வெட்டி வலப்பக்கம் ஒட்டினேன். பட்டறைத் தரையில் வண்டி ஜம்மென்று நின்றது.

வெளியே கொண்டுவந்து ரோட்டோரம் நிறுத்தினோம். டீக்கடையிலிருந்தும் பேப்பர் கப் ஷெட்டிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். என்னைக் கூட்டிப்போக வந்த அக்காவும் நின்றிருந்தாள். லாரி ஒன்று கடந்துபோன அதிர்வுதான். வண்டி மெல்ல நிமிர்ந்து, இடப்பக்கம் சாய்ந்து, எல்லோர் முன்னாலும் தொப்பென்று விழுந்தது. டேங்க் நசுங்கியது.

"வண்டியும் ஒத்தக் கால்ல நிக்கமாட்டேங்குது பாரு," என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகை இல்லை, ஆத்திரம். அக்கா ஓடிவந்து என் இடது கையைப் பிடித்தாள்.

"போதும்டி. நான் இருக்கேன்ல? நீ எங்க போவணும் சொல்லு, நான் இட்னு போறேன்."

"நீ இல்லாத எடத்துக்கும் நான் போவணும்க்கா."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கடினமாக விழுந்தது என்று தெரிந்தது. அவள் கையை விட்டுவிட்டாள். அதற்காக நான் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது உண்மை.

விழுந்த வண்டிக்குப் பக்கத்திலேயே காலிப்பரை நீட்டி உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தேன். மழைத் தண்ணீர் ஓரத்துக்கு ஓட வேண்டும் என்று ரோட்டை நடுவில் மேடாகப் போடுகிறார்கள். இடது ஓரம் நிறுத்திய வண்டிக்கு இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மேடு. பள்ளத்துப் பக்கம் வைக்கும் ஸ்டாண்டின் அளவையே நான் மேட்டுப் பக்கம் வைத்திருக்கிறேன். மேடு அதை மேலே தூக்கி வண்டியை நிமிர்த்திவிட்டது. எங்கள் பட்டறையிலிருந்து எத்தனையோ வண்டிகள் போயிருக்கின்றன. ஒன்றைக்கூட யாரும் வலது பக்கம் சாய்த்து நிறுத்தியதில்லை. அதனால் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ஸ்டாண்டில் ஒரு விரல் அகலம் அறுத்து எடுத்து மறுபடி ஒட்டி, அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. வண்டி அசையவில்லை.

பேகூர் பக்கம் இன்னும் வீடு எழும்பாத லேஅவுட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிப் பழகினேன். விழுந்தேன், எழுந்தேன், அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை. பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டி, வண்டியில் செய்த மாற்றத்துக்கும் என் லைசென்ஸுக்கும் ஒப்புதல் வாங்கப் போகிறேன் என்றேன். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நம்ம வண்டி ஒண்ணுகூட அந்தப் பக்கம் போனதில்லம்மா. பேசாம சந்துக்குள்ளயே ஓட்டிக்கோ, யார் கேக்கப்போறா?"

"ஒளிஞ்சு ஓட்டறதுக்கா இவ்ளோ கஷ்டப்பட்டேன்?"

கடைசியில் முதலாளியும் கூட வர, குட்டி டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். அக்கா கூப்பிடாமலே வந்தாள். அங்கே இருந்த அதிகாரி வண்டியைப் பார்க்கும் முன் என் காலைப் பார்த்தார்.

"சைடு வீல் எல்லி?" என்று, அது எங்கே எனக் கன்னடத்தில் கேட்டார்.

இல்லை, தேவையில்லை என்று கன்னடத்திலேயே சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் பேசினார். வண்டியை நிறுத்தினால் ஒரு காலை ஊன்ற வேண்டாமா, எந்தக் காலை ஊன்றுவாய் என்று கேட்டார்.

"வலது கால் சார். எல்லாருக்கும் ஊன்ற ஒரு கால்தான் வேணும்."

இடப்பக்கம் சாய்ந்துவிட்டால் என்ன செய்வாய் என்றார். எதிரில் எட்டு வடிவத்தில் போட்டிருந்த டிராக்கில் ஒரு பையன் தடுமாறி, காலை ஊன்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான்.

"அங்க கால் ஊன்றினா ஃபெயில்தானே சார்? ஊன்றாம ஓட்டறவங்களுக்குத்தான் லைசென்ஸ் தர்றீங்க. எனக்கு மட்டும் ஊன்றக் கால் இல்லைன்னு எப்படி ஃபெயில் பண்ணுவீங்க?"

அவர் என்னை முறைத்தார். பிறகு டிராக்கைக் கை காட்டினார்.

எட்டு போட்டேன். திருப்பத்தில் இடது கை கம்பிக்குப் போனபோது வண்டி கொஞ்சம் ஆடியது. வலது கையால் இழுத்துப் பிடித்தேன். அவர் முன்னால் கொண்டுவந்து வலது காலை ஊன்றி, அதே குதிகாலால் ஸ்டாண்டைத் தள்ளி, வண்டியைச் சாய்த்துவிட்டு இறங்கினேன். அவர் பழக்கத்தில் இடப்பக்கம் போய்க் குனிந்து ஸ்டாண்டைத் தேடினார். சுற்றி வலப்பக்கம் வந்து, சீட்டைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்த்தார். என்னைப் பாராட்டவில்லை, அது எனக்கு வேண்டியதும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

டெம்போவை முதலாளியோடு வெறுமனே திருப்பி அனுப்பிவிட்டேன்.

"உக்காருக்கா," என்றேன்.

அக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். சுடிதாரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு காலைப் போட்டு ஏறி, என் தோளை இறுக்கிப் பிடித்தாள். எனக்கும் பயம்தான். ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பொம்மனஹள்ளி சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னால் பஸ், இரண்டு பக்கமும் ஆட்டோ. வலது காலை ஊன்றி நின்றேன். இடப்பக்கக் கண்ணாடியில் பார்த்தால் அக்கா ஒரு பக்கமாகச் சரிந்திருந்தாள். அவளுடைய இடது கால் ஃபுட்ரெஸ்டிலிருந்து இறங்கி, செருப்பு நுனி ரோட்டைத் தேடிக்கொண்டிருந்தது.

"கால மேல வைக்கா."

"சும்மா இருக்கட்டும்டி."

"மேல வை. நான் புடிச்சிருக்கேன்."

கொஞ்ச நேரம் அந்தக் கால் அப்படியே தொங்கியது. பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். பிறகு ஃபுட்ரெஸ்டில் செருப்பு படும் சத்தம் கேட்டது. பச்சை விழுந்தது, நான் கம்பியின் தலையிலிருந்த பிடியை அமுக்கி முதல் கியரைப் போட்டேன்.