கையில் கட்டிய காணிக்கைக் கால்

2025 ஜூன் 14, சனிக்கிழமை. காலையில் தொட்டி நிரப்பி, செடிகளுக்கு ஊற்றி, கேம்ப் ரோட்டில் மீன் வாங்கி வந்து குழம்பு கூட்டிவைத்தேன். மதியம் இரும்புலியூரிலிருந்து ஸ்டெல்லா அக்கா சாப்பிட வந்தாள். சோற்றுக்குக் கை நீட்டியபோது மெல்லிய கிணுகிணுப்பு கேட்டது. அவள் மணிக்கட்டில் ஒரு சங்கிலி. அதில் தொங்கும் குட்டிக் குட்டி உருவங்களில் ஒரு கண், ஒரு வீடு, ஒரு பாதம்.

"சார்ம் பிரேஸ்லெட்டுடி. மருமக வாங்கிக் குடுத்தா. இப்ப இதான் ட்ரெண்டு. இந்தக் காலைப் பாரேன், எவ்ளோ க்யூட்டா இருக்கு!"

அதைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தேன்.

பத்து வயதில் என்னிடம் இப்படி ஒன்று இருந்தது. என் ஞானத்தாய் லில்லி ஆன்ட்டி ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்து ஆசைப்பட்டு, எனக்காகச் செய்யத் தொடங்கியது. அன்றைய தாம்பரத்தில் தொங்கவிடும் குட்டி உருவங்களுக்கு அவர் எங்கே போவார்? வெள்ளிக் கடையில் கிடைத்தவையெல்லாம் வேளாங்கண்ணி உண்டியலில் காணிக்கையாகப் போடும் 'உரு'க்கள்தாம். அவற்றையே வாங்கி, வளையம் பற்றவைத்து, சங்கிலியில் கோத்துவிட்டார். சேலையூருக்குக் குடிவந்ததற்கு ஒரு வீடு, நான் கண்ணாடி போட்டதற்கு ஒரு கண், செம்பாக்கம் ஏரிக்கரையில் சைக்கிளிலிருந்து விழுந்து ஒடிந்த காலுக்கு மாவுக்கட்டுப் பிரித்த அன்று ஒரு கால்.

மற்ற நகைகள் வாங்கும்போதே முடிந்துவிடுகின்றன; இது மட்டும் நம்மோடு வளர்கிறது. வகுப்பில் யாராவது ஒன்றைத் தொட்டு "இது இன்னாடி?" என்று கேட்டால் போதும், இடைவேளை முழுக்க என் கதைதான். இந்த மாதிரி நகை பழசாகாமல் திரும்பத் திரும்ப ஃபேஷனாக வருவதற்கு வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அக்காதான் கெடுத்தாள். கோயில் பாடகர் குழுவில் சேர்ந்து பக்தி முற்றியிருந்த பருவம் அவளுக்கு. "அம்மா, மாதாவுக்குப் போட வேண்டியத இவ 'ஸ்டைலு'க்கு மாட்டிக்கிட்டுத் திரியுறா. அந்தக் கால் மறுபடி ஒடியப் போகுது, பாருங்க!" அம்மா வெலவெலத்துப்போனார். அந்த வருட வேளாங்கண்ணித் திருவிழாவில் உருக்களைச் சங்கிலியோடு சேர்த்து உண்டியலுக்குள் போட்டுவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. லில்லி ஆன்ட்டி அதன்பின் பிறந்தநாளுக்குப் பேனாதான் தந்தார்.

இத்தனையும் மனதில் ஓட, "இது காணிக்கை உரு மாதிரி இல்லையாக்கா?" என்றேன்.

"சீ, இது ஃபேஷன்டி. அதை ஏன் இதோட சேக்குற?"

"என் சங்கிலிய அப்படிச் சொல்லித்தானே உண்டியல்ல போட வெச்ச?"

"எந்தச் சங்கிலி?" என்றாள், மீன் முள்ளை எடுத்துக்கொண்டே. நடிக்கவில்லை. உண்மையாகவே அவளுக்கு நினைவில்லை. ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

அம்மா இல்லை. லில்லி ஆன்ட்டி இல்லை. வெள்ளிக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். சங்கிலி எங்கே உருகி என்னவாயிற்றோ. அதைப் பார்த்தவர்களில் மிச்சமிருப்பவள் அக்கா ஒருத்தி. அவளும் மறந்துவிட்டால் அது என் கையில் கிடந்ததற்கு யார் சாட்சி? அன்று பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகத்தான் கழுவினேன்.

மறுநாள் காலை, காபிகூடப் போடாமல், முதல் வேலையாக அவளுக்குப் போன் செய்தேன். "உன் பிரேஸ்லெட்டுல இருக்கிற மாதிரியே எனக்கும் ஒரு வெள்ளிக் கால் இருந்துச்சுக்கா. என் கால் ஒடிஞ்சப்ப லில்லி ஆன்ட்டி குடுத்தது."

"உனக்கு எப்படி கால் ஒடிஞ்சுச்சு? மறந்தே போச்சுடி."

ஞாயிறு பூசைக்கு இன்னும் நேரமிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏரிக்கரையிலிருந்து ஆரம்பித்தேன்.