சனிக்கிழமை அண்ணாச்சி

சனிக்கிழமைக் கூட்டம் நடக்கிற வகுப்பறையில், பெஞ்சின் மேல் ஒரு பச்சைக் கரைத் துண்டு கிடக்கும். பஸ் ஜன்னல் வழியாக எறிந்து இடம் பிடிப்பார்களே, அதே மாதிரிதான். அண்ணாச்சி எல்லோருக்கும் முன்னால் வந்து, தான் உட்கார்ந்தது போக, பக்கத்து இடத்தில் அந்தத் துண்டைப் போட்டு வைத்திருப்பார். யாராவது உட்காரப் போனால், "இது டீச்சருக்கு" என்பார். அந்த டீச்சர் என் மனைவி. அவளைக் கைப்பிடித்துப் படியேற்றி, துண்டு கிடக்கிற இடம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, நான் பின்னால் போய், கூட வந்தவர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார வேண்டும். முதல் சில வாரங்கள் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு அந்தத் துண்டைத் தூரத்தில் பார்த்தாலே வயிறு எரிய ஆரம்பித்தது.

என் மனைவிக்குத் தலையில் அடிபட்டது ஒரு சாரல் காலத்தில். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், நனைந்து கிடந்த ஒரு வளைவில் அவளுடைய ஸ்கூட்டர் சறுக்கியது. தேதி, கிழமை, அன்று ஐந்தருவியில் குளிக்கத் தடை இருந்ததா என்பது உட்பட எல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு அப்படி ஒரு பழக்கம். எந்த வருஷம் சாரல் முன்னதாகத் தொடங்கியது, எந்த ஐப்பசியில் பேரருவியின் பாதுகாப்பு வளைவை வெள்ளம் மூடியது, தேர் என்றைக்கு நிலைக்கு வந்தது என்று எழுதிவைப்பேன். யாரும் கேட்டுப் பயன்பட்டதாக நினைவில்லை. அவள் மட்டும் கேலியாகக் கேட்பாள். "நாம மொதமொதல்ல சண்டை போட்டது என்னைக்குங்க?" நான் உடனே சொல்வேன். "அன்னைக்கு யாரு மொதல்ல பேசுனா?" அதையும் சொல்வேன். எங்கள் இருவருடைய வாழ்க்கைக்கும் சேர்த்து ஒரே ஒரு ஞாபகம் போதும், அது என்னுடையதாக இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கைகால் சுகத்தோடுதான் வீடு திரும்பினாள். நடந்தாள், சாப்பிட்டாள், தலை பின்னிக்கொண்டாள். போனது வேறு. பேசிக்கொண்டே வருவாள், ஒரு சாதாரணச் சொல்லின் முன்னால், ஜன்னல் என்பதற்கோ உப்பு என்பதற்கோ முன்னால், வண்டி நின்றுபோன மாதிரி நிற்பாள். கல்யாணத்துக்குப் பிந்தைய சில வருஷங்கள் ஞாபகத்தில் சுத்தமாக இல்லை. சத்தம் தாங்காது, கோபம் சட்டென்று வரும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "நல்லாத்தானே இருக்காங்க" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். ஊனமுற்றோர் அடையாள அட்டைக்கு முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினாள். நடக்கச் சொன்னார்கள், நடந்தாள். அங்கிருந்த மருத்துவர் நல்ல மனிதர். "இவங்களுக்குக் கஷ்டம் இருக்குன்னு எனக்குத் தெரியுது சார், இதுல எந்தக் கட்டத்துல எழுதுறதுன்னுதான் தெரியலை" என்றார்.

வீடு தேடி வந்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அரசுத் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வந்த இளம்பெண் ஒருத்திதான் அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தைத் தொடங்கினாள். தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்கள், அவர்களோடு வீட்டிலிருந்து ஓர் ஆள் என்று சேர்த்து, ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பறையைக் கேட்டு வாங்கியிருந்தாள். அவளை எல்லோரும் டாக்டரம்மா என்போம். டாக்டரம்மா போட்ட விதி ஒன்றே ஒன்றுதான். அடிபட்டவர் ஒரு சொல்லைத் தேடி நிற்கும்போது, கூட வந்தவர் அதை எடுத்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், அன்றைக்கு எல்லோருக்கும் டீயும் வடையும் அவர் செலவு.

நான்தான் வாராவாரம் வாங்கினேன். என்ன செய்வது? என் மனைவி "அந்த... அந்த..." என்று நிற்பாள். அது வாசுதேவநல்லூரில் அவளுடைய சித்தி வீட்டுக் கிணறு என்று எனக்குத் தெரியும், அங்கே நாங்கள் கடைசியாகப் போனது என்றைக்கு என்றும் தெரியும். தெரிந்த சொல் வாயில் நிற்காது. "கிணறு" என்று விழுந்துவிடும். எல்லோரும் சிரிப்பார்கள். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே, "இன்னைக்கும் நீங்கதானா சார்?" என்று கேட்டுக்கொண்டே கெட்டிலை எடுப்பார்.

அண்ணாச்சிக்கு ஊர் இலத்தூர். லாரி ஓட்டியவர். செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் ஒரு பயணத்தில், சுமைக்கு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து பின்மண்டை தரையில் பட விழுந்திருந்தார். மனைவி இல்லை. ஒரே மகள் வெளியூரில். அதனால் அவருக்குக் 'கூட வந்தவர்' என்று யாரும் கிடையாது. தமிழ்ச் சொல் வராத இடத்தில் அவருக்கு மலையாளச் சொல் வந்து நிற்கும். நாற்காலியைக் கசேர என்பார், தண்ணீரை வெள்ளம் என்பார். என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"வெள்ளம் குடிச்சா நீங்க போயிருவீங்க அண்ணாச்சி."

"ஒங்க ஊருல அது வந்தா சாவுதாங்க, எங்க ரூட்டுல அதைக் குடிச்சுத்தான் பொழைக்கோம் டீச்சரே."

வீட்டில் நான் அவளைச் சிரிக்கவைக்க எவ்வளவோ பாடுபட்டிருக்கிறேன். மூளையைப் பற்றிக் கிடைத்த புத்தகங்களை எல்லாம் வரவழைத்துப் படித்திருந்தேன். மொழி எங்கே இருக்கிறது, ஞாபகம் எங்கே இருக்கிறது, எந்தப் பயிற்சிக்கு எது மசியும் என்பதெல்லாம் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். பழைய போட்டோக்களைத் தேதிவாரியாக அடுக்கி, தினம் காலையில் காட்டுவேன். அவள் நல்ல மாணவி போலப் பார்ப்பாள். அண்ணாச்சி ஒரு புத்தகமும் படித்தவர் அல்ல. பின்மண்டையைத் தொட்டுக் காட்டி, "எனக்கு இங்கன ஒரு ஆணி கழண்டுட்டு டீச்சரே, ஒங்களுக்கு எங்கன?" என்று கேட்பார். அவளும் நெற்றிப் பக்கம் தழும்பைத் தொட்டுக் காட்டுவாள். சந்தையில் இரண்டு பேர் தேங்காய் விலை விசாரிப்பது மாதிரி இருக்கும். அந்தத் தழும்பை நான் பார்த்தாலே முந்தானையை இழுத்து மறைத்துக்கொள்கிறவள் அவள்.

ஒரு தடவை கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை. அவள் ஏதோ ஒன்றைச் சொல்ல வந்து, சொல் கிடைக்காமல் பாதியில் நின்றிருந்தாள். அவர் சும்மா இருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது, இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தச் சொல் தெரியும். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்ற என்னை அவர் திரும்பிப் பார்த்து, "சார்வாள், நீங்க வேணா போயி வடையச் சொல்லிட்டு வாங்களேன்" என்றார். கிண்டல்தான். ஆனால் என் வீட்டுக் கதவை எனக்கே சாத்துவது போலிருந்தது.

இதற்கிடையில் டாக்டரம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பேச்சுப் பயிற்சிக்கும் ஞாபகப் பயிற்சிக்கும் எல்லோரும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் பாதியில் நிறுத்திவிட்டார்கள். தென்காசியிலேயே, வாரத்தில் ஒரு நாள், தலைக்காயம் பட்டவர்களுக்கென்று அரசு ஆஸ்பத்திரியில் ஒதுக்கித் தரவேண்டும் என்று திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம் என்றாள். அடிபட்டவரே பேசினால்தான் எடுபடும், டீச்சர் பேசட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். துணைக்கு ஒருவர் பக்கத்தில் நிற்கலாம். மனுவை நான்தான் எழுதினேன். கேட்பதற்கு 'மறுவாழ்வுச் சேவை' என்று பெயர் கொடுத்து, ஓர் எழுத்துப் பிசகாமல், ஆதாரங்களோடு எழுதியிருந்தேன். பக்கத்தில் நிற்பதும் நான்தான் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவள் வாழ்க்கையின் ஒவ்வொரு நாளும் தெரிந்தவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? டாக்டரம்மா ஒப்புக்குத்தான் கேட்டாள்.

"யாரு டீச்சர் ஒங்ககூட வாறது?"

"அண்ணாச்சி வரட்டும்" என்றாள் என் மனைவி. கொஞ்சமும் தயங்காமல், ஒரு சொல்லுக்கும் தேடாமல் சொன்னாள்.

அன்று இரவு முழுக்க எனக்கு அந்த வாக்கியத்தின் சரளம்தான் உறுத்தியது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் கூடத்தில் நான் தூணோரம் நின்றேன். பட்டாவுக்கும் பாதைக்கும் வந்தவர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய முறை வந்தது. அண்ணாச்சி சலவை வேட்டியில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவள் நன்றாகவே தொடங்கினாள். பெயர், வேலை பார்த்த பள்ளி, அடிபட்டது எல்லாம் சொன்னாள். "எங்களுக்கு இங்கயே..." என்றவள் நின்றுவிட்டாள். மறுவாழ்வு என்ற சொல் வரவில்லை. எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி உதவி செய்யும் எண்ணத்தோடு, "உதவித்தொகையாம்மா?" என்றார். அவள் தலையாட்டி மறுத்தாள். "வீடா?" அதுவும் இல்லை. பின்னாலிருந்த ஒருவர், "சீக்கிரம் ஆகட்டும்மா" என்றார். அவள் முகம் சிவந்தது, விரல்கள் புடவை நுனியைச் சுருட்டின. இன்னும் ஒரு நொடி போனால் கோபத்தில் மனுவைக் கிழித்துவிட்டு வந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தேன்.

அண்ணாச்சி பின்னால் திரும்பி, "யோவ், லோடு வண்டி ஏத்தத்துல ஏறுது. ஆரன் அடிச்சா மட்டும் வெரசா ஏறிருமா?" என்றார். கூடமே சிரித்துவிட்டது. அதிகாரியும் சிரித்தார், பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவளும் சிரித்தாள். சிரித்த வாயோடேயே சொன்னாள்:

"எங்களுக்குத் திரும்பப் பழக ஒரு எடம் வேணும் சார். பேசப் பழக. கோவப்படாம இருக்கப் பழக. திருநெவேலி தூரம்."

அதிகாரி அதை அப்படியே மனுவின் மேல் எழுதிக்கொண்டார். என்னுடைய சொல் உள்ளே, நான்காவது வரியில், யாரும் படிக்காமல் இருந்தது. வெளியே வந்ததும் அவள் என்னிடம் வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்று அண்ணாச்சியிடம், "ஏறிட்டுல்லா?" என்று கேட்டாள். "ஏறிட்டு டீச்சரே, இனி எறக்கம்தான், நியூட்டர்ல விட்டுறலாம்" என்றார் அவர். நான் அவர்கள் இருவருக்கும் இளநீர் வாங்கிக்கொடுத்தேன்.

கேட்டது கிடைத்தது. இப்போது வாரம் ஒரு நாள் தென்காசியிலேயே பயிற்சி நடக்கிறது. பேச்சுப் பயிற்சிக்கு ஒருவர் வருகிறார், புதிது புதிதாக ஆட்கள் வருகிறார்கள். அண்ணாச்சியை மகள் தான் இருக்கிற ஊருக்கு, திருவேங்கடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எப்போதாவதுதான் வருவார். அவர் போனபோது எனக்கு உண்டான நிம்மதியை மறைக்க நான் பெரிய முயற்சி எதுவும் எடுக்கவில்லை. அந்த இடம் இனி எனக்குத்தான் என்று நினைத்தேன். வாயைக் கட்டப் பழகினேன். அவள் ஒரு சொல்லைத் தேடி நின்றால் நானும் கோழியையோ மரத்தையோ பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். பலிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்ப்பாள். சொல் அங்கே தயாராக உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்துவிடும். "விடுங்க, ஒங்களுக்குத்தான் தெரியுமே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

ஆனால் அவருக்குச் சாயங்காலம் போன் போடுவாள். ஸ்பீக்கரில் வைத்திருப்பாள். அந்தப் பக்கம் அவர் தேடுவார், இந்தப் பக்கம் இவள் தேடுவாள். நெடுநேரம் திருவேங்கடத்து ஆட்டுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். நான் பக்கத்து அறையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருப்பேன். உலகத்தில் யாராவது ஒருவன் மௌனத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறானா என்று புத்தகங்களில் தேடினால் கிடைக்கக்கூடும். நான் தேடவில்லை.

இந்தச் சாரலில் டாக்டரம்மா எல்லோரையும் வேன் வைத்துப் பழைய குற்றாலம் அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அண்ணாச்சியும் வருகிறார் என்று தெரிந்ததும் நான் முழங்கால் வலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். அங்கே என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், தண்ணீர் எவ்வளவு விழுந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. அவள் வாழ்க்கையில் நான் குறித்துவைக்காத நாள் அது.

மதியத்துக்கு மேல் ஈரத் தலையோடு வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். "அங்கன அண்ணாச்சி என்ன செஞ்சாருன்னா, தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு, தலைமேல அந்த..." நின்றாள். வழக்கம் போல என் முகத்தைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்னிடம். அவள் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள், என் முகத்தில் எதையோ தடவிப் பார்ப்பது மாதிரி. பிறகு, "விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கையை மட்டும் தலைக்கு மேலே வட்டமாகச் சுற்றியபடி தேட ஆரம்பித்தாள்.

வரப்போவது அந்த மனிதருடைய கதைதான். அதில் எனக்கு இடமே இருக்காது. எரிச்சல் இருந்த இடத்தில் அப்படியேதான் இருந்தது. அவள் கூந்தலிலிருந்து அருவித் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் சிலிண்டர் போடுகிறவன், "சார், கேஸ்" என்று கூப்பிட்டான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போனான்.