இடது பக்கத்துச் சைபர்

"தொள்ளாயிரத்து ஒண்ணு. எழுதுங்க அப்பு, வெரசா."

சொல்லிவிட்டு அனுசியா டீச்சர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு சிலேட்டாகக் குனிந்து பார்க்கிறார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் 9001. அவருக்குக் கோபம் வருவதில்லை. இந்தத் தப்பைப் பிடிக்கத்தான் அந்த எண்ணையே சொன்னார்.

"பேருல ஆயிரம் இருக்குன்னு ஏமாந்துறாதீக. உள்ள நூறுதேன் கெடக்கு. தொண்ணூறும் அப்பிடித்தேன், பேருல நூறு, உள்ள வெறும் பத்து. பேர நம்பாதீக, எடத்தப் பாருங்க."

போடியிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் சாலையில் ஒரே ஆசிரியர் உள்ள பள்ளி அது. தரையில் பத்துக் கட்டம் வரைந்து, பத்துப் பிள்ளைகளையும் கழுத்தில் ஆளுக்கோர் எண் அட்டையோடு நிற்க வைப்பார். வலது ஓரம் ஒன்று, அடுத்தது பத்து, அப்புறம் நூறு. இடது கோடியில் மூன்றாம் வகுப்பு முத்துப்பிரியா. அவள் இடம் நூறு கோடி. அந்த மிதப்பில் அவள் நிற்கிற நிற்பைப் பார்க்க வேண்டுமே! ஒரு நாள் சைபர் அட்டையை மாட்டிவிட்டதற்கு அழுதே விட்டாளாம். "எடது ஓரத்துச் சைபரு செல்லாது டீச்சர், நீங்கதான சொன்னீக?"

டீச்சருக்கும் கிறுக்கு உண்டு. பஸ்சில் போகும்போது முன்னால் போகிற லாரியின் நம்பரைச் சும்மா விடமாட்டார். "ஏழாயிரத்து நாப்பத்தி மூணு. நூறுல ஆள் இல்ல" என்று வாய்விட்டே சொல்லுவார். பக்கத்து இருக்கைக்காரர் தள்ளி உட்காருவதை நானே பார்த்திருக்கிறேன்.

பத்துப் பேருக்குக் குறைந்தால் பள்ளியைப் பூட்டிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அடுத்த பள்ளி மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், வெகு தூரம். விடியுமுன் ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏறிவிடுகிற பெற்றோரில் யார் கொண்டுபோய் விடுவது? பூட்டினால் பிள்ளைகளும் தோட்ட வேலைக்கு ஜீப்பில் ஏறிவிடும். அவருக்கு அந்தப் பயம்தான்.

டீச்சரைப் பார்க்க நான் பள்ளிக்குப் போயிருந்த அன்று முத்துப்பிரியாவின் அம்மா இருளம்மாள் வாசலில் வந்து நின்றார்.

"தோட்டத்துலயே தங்கப் போறேன் டீச்சர். அங்க லயத்து வரிசையில வீடு தர்றாக. புள்ளையவும் கூட்டிட்டுப் போறேன்."

"வருசம் முடியட்டும் ஆத்தா. தெனம் ஜீப்புல போய்ட்டு வாயேன்."

"அந்த ஜீப்பு கவுந்துதான எங்க வீட்டுக்காரரு போனாரு? தெனம் அதுல ஏற என்னால ஆகாது."

டீச்சர் சட்டென்று அவர் கையைப் பிடித்தார். "அப்ப புள்ளைய எங்க வீட்டுல விட்டுட்டுப் போ. நான் பாத்துக்கிறேன்."

"இவளையும் விட்டுட்டா எனக்கு ஆரு இருக்கா?"

டீச்சர் பிடித்த கையை விட்டுவிட்டார். பள்ளியைப் பூட்டுவோம் என்றவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்கள் யாரும் அங்கே இல்லையே.

மறுநாள் காலையும் போனேன். நூறு கோடிக் கட்டம் காலியாக இருந்தது. டீச்சர் கரும்பலகை மூலையில், பிள்ளைகளின் எண்ணிக்கை எழுதும் இடத்தில், 10 என்பதை அழித்துவிட்டு 9 என்று எழுதினார். எழுதியதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அதற்கு இடது பக்கத்தில் ஒரு சைபர் போட்டார்.

"டீச்சர், அது செல்லாதுல்ல?" என்றாள் பக்கத்துக் கட்டத்தில் நின்ற தேவி.

அவர் திரும்பவில்லை. அந்தச் சைபரின் மேலேயே சாக்பீஸை அழுத்தி, இன்னொரு சுற்றுச் சுற்றினார்.