கருப்பட்டிக் காபியும் கல்யாணப் பத்திரிகையும்

அக்காவின் திருமணப் பத்திரிகையை உறவினர் வீடுகளில் வைப்பதற்காக அம்மாவும் நானும் கிளம்பிய நாட்களில் வெயில் கடுமையாக இருந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை போடாத தேநீர், உப்புப் போட்ட நீர்மோர், தண்ணீர்; இவற்றைத் தவிர வேறெதையும் அவர் வீட்டில் குடிப்பதில்லை. அந்தக் கட்டுப்பாடு எங்கள் வாசலைத் தாண்ட முடியாதது என்பதை அப்போதுதான் கண்டேன்.

பத்திரிகை வைத்த வீட்டில் வாய் நனைக்காமல் எழுந்துவரக் கூடாது. அம்பத்தூரில் பழச்சாறு, ஆவடியில் சர்பத். “கொஞ்சமா ஊத்துங்க” என்பார் அம்மா. டம்ளர் நிறைந்தே வரும்.

பாடியில் அத்தையின் வீடு; அவர் அப்பாவின் தங்கை. பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவரிடம் அம்மா தண்ணீர் கேட்டார்.

“இன்னா அண்ணி, நல்ல காரியத்துக்கு வந்துகினு பச்சத் தண்ணி கேக்குற?”

“சுகர் ஏறிக்கினே கீதும்மா.”

“உனக்குன்னே கருப்பட்டி வாங்கியாந்து காபி போட்டுக்கீறேன். அது சுகர்ல சேராது. குடி.”

“கருப்பட்டியும் சர்க்கரைதான் அத்தை” என்றேன்.

“படிச்ச புள்ள பேசுது பாரு! பொண்ணு வாழ்க்க இனிக்கணும்னா ஆத்தாக்காரி வாய் இனிக்கணும்.”

அந்தச் சொல்லுக்குப் பிறகு அம்மாவால் மறுக்க முடியவில்லை. டம்ளரின் அடிவரை குடித்தார்.

அதே நாட்களில் புதுச்செருப்பு அவருடைய கட்டைவிரலைக் கடித்திருந்தது. உணர்வு மங்கிய பாதம், வலி தெரியவில்லை. தரையில் ஈரத்தடம் கண்டுதான் காயத்தைப் பார்த்தோம். அது ஆறவில்லை. குடித்தவைதாம் காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. பல ஆண்டு நோய், செருப்பு, ஏறியிருந்த சர்க்கரை என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொன்னார். அக்காவின் கழுத்தில் தாலி ஏறியதை, விரல் அகற்றப்பட்ட காலோடு மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அம்மா கைப்பேசியில் பார்த்தார். மண்டபத்திலிருந்து நேராக வந்த அத்தை கட்டிலருகே நின்று அழுதார். அம்மா கடிந்துகொள்ளவில்லை. அன்பினால் ஊற்றியதை எந்தச் சொல்லால் கடிவது?

சென்ற மாதம் அத்தை தன் மகனின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். இப்போது அவருக்கும் சர்க்கரை. என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“தண்ணி போதும்” என்றார், அம்மாவின் காலைப் பார்க்காமல்.

அம்மா நீர்மோர் எடுத்துவரச் சொன்னார். அத்தை குடித்து முடித்ததும் அம்மா கேட்டார்.

“இன்னும் எத்தினி ஊடு போவணும்?”

“நெறைய கீது அண்ணி. நீ கூட வந்துருந்தா நல்லாருக்கும்.”

பத்திரிகை வைக்க நாத்தனாரோடு போவது அண்ணியின் உரிமை. அம்மா தன் கட்டுப்போட்ட பாதத்தைப் புடவை நுனியால் மூடினார்.

“போற ஊட்ல தண்ணி கேளு. வேற இன்னா குடுத்தாலும் தொடாத. தண்ணி வர்ற வரிக்கும் உக்காந்துகினே இரு” என்றார்.

அத்தை தலையசைத்தார். படியிறங்கும்போது அவர் காலில் இருந்த செருப்பு புதிதா என்று பார்த்துவரும்படி அம்மா என்னிடம் சொன்னார்.