யானைக்குக் கண் வைத்த வெள்ளிக்கிழமை

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பென்சன் எடுத்த மறுநாளே அலுமாரிச் சாமான் எல்லாத்தையும் இறக்கித் திருப்பி அடுக்கினனான். அதுக்கு அடுத்த நாள் திருப்பியும் இறக்கினனான். என்ர மனுசன் உயிரோட இருந்திருந்தா எனக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பார். அப்பிடி அந்தரிச்சுக்கொண்டு திரிஞ்ச நேரத்திலதான் எங்கட முதியோர் சங்கத்து ஆக்கள், "ரீச்சர், வெள்ளிக்கிழமையில எங்களுக்கு ஏதும் விளையாட்டு வையுங்கோவன்" எண்டு கேட்டவை. கேட்டதுதான் தாமதம், என்ர நித்திரை போச்சுது.

நாங்கள் கூடுறது புதுக்குடியிருப்பு ரோட்டில இருக்கிற பொதுநோக்கு மண்டபத்தில. வாற ஆக்களில ஒருத்தருக்கு முழங்கால் நோ, இன்னொருத்தருக்குச் சீனி வருத்தம், மிச்சப் பேருக்கு ரெண்டும். ஓடிப் பாய ஏலாது. நான் பழைய தண்ணி ஓஸை வெட்டி வளையமாக்கி, கவிட்டு வைச்ச ஸ்ரூலின்ர காலுக்கு எறிய விட்டன். பழைய சொக்ஸுக்குள்ள உமி அடைச்சு பந்து தைச்சன். அதைக் கதிரையில இருந்தபடியே வாளிக்குள்ள போட வேணும். எழுபது வயசு ஆக்கள் ஒரு உமிப்பந்துக்குச் சண்டை பிடிச்சுக் குழறினதைப் பாத்திருக்க வேணும், வயிறு நொந்து போயிருக்கும். நடுவர் நான்தான். களவு விளையாட்டு எண்டால் எனக்குக் கண்ணிலயும் காட்டக் கூடாது. முப்பத்தொரு வருசம், பாத்தெழுதின பிள்ளையளின்ர கொப்பியைக் கிழிச்சவள் நான்.

சித்திரை வருசப்பிறப்பு வந்துது. யானைக்குக் கண் வைக்காமல் எங்க வருசப்பிறப்பு விளையாட்டு நடந்தது? ஒரு உரப்பையைத் தோய்ச்சுப் பிரிச்சு, கிழிஞ்ச குடைத் துணியில யானை வெட்டி அதில தைச்சன். கண் இருக்க வேண்டிய இடத்தில சோக்கால ஒரு சின்ன வட்டம். கண்ணைக் கட்டி, மூண்டு சுத்துச் சுத்தி விட, பத்தடி நடந்து போய் வட்டத்துக்குள்ள ஸ்ரிக்கர் பொட்டை ஒட்ட வேணும். வெண்ட ஆளுக்குப் பரிசா ஒரு பெரிய பிளாஸ்ரிக் பேசின்.

யானைக்கு வால்ல கண் வைச்சினம், வயித்தில வைச்சினம். ஒருத்தர் நேராப் போய்ச் சங்கத்துத் தலைவரின்ர நெத்தியில வைச்சார். சிரிச்சுச் சிரிச்சு எல்லாருக்கும் இருமல். கடைசியாத்தான் ஒரு அக்கா எழும்பி வந்தா.

அக்கா எனக்கு ரெண்டு காணி தள்ளி இருக்கிறவா. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில பிறந்து, கலியாணம் முடிச்ச கையோட இஞ்ச வந்து, மனுசனோட சேந்து காடு வெட்டிக் காணி எடுத்தவா. மனுசன் செத்தாப் பிறகு தனிய இருக்கிறா. ஒரே மகன் வவுனியாவில, என்னட்டைப் படிச்சவன். "அம்மாவுக்கு ஏதும் ஏலாமல் வந்தால் அடுத்த நாளே ஏத்திக்கொண்டு போய், காணியையும் வித்துப்போடுவன்" எண்டு வாற நேரமெல்லாம் சொல்லுவான். பாசத்திலதான் சொல்லுறான். அவன்ர வீட்டில மேல்மாடியில அவாவுக்கெண்டு ஒரு அறையும் ஒதுக்கி வைச்சிருக்கிறான். அந்தக் கதை எடுத்தாலே அக்கா செத்த முகத்தோட எழும்பிப் போயிடுவா.

நானே சால்வையால அவான்ர கண்ணை இறுக்கிக் கட்டினன். சுத்தி விட்டன். மற்ற ஆக்கள் தள்ளாடின மாதிரி அவா தள்ளாடேல்லை. ஒரு கணம் நிண்டா. பேந்து நேராய் நடந்தா, கையை நீட்டி யானையை ஒருக்காத் தொட்டா, பொட்டை ஒட்டினா. வட்டத்துக்கு நடுவில, ஒரு நூல் விலகேல்லை.

சனம் கை தட்டினது. எனக்கு ஏறிச்சுது கோபம். "நில்லுங்கோ! ஒளிச்சுப் பாத்தனீங்கள் அக்கா. பாக்காமல் ஒருத்தராலயும் இப்பிடி வைக்கேலாது!"

அக்கா சால்வையை அவிட்டா. அதை மடிச்சுக்கொண்டே, "ஆமா டீச்சர். மூக்கு பக்கத்தால தெரிஞ்சுச்சு. பாத்துட்டேன்" எண்டா.

நான் அவாவுக்குக் கிடைக்க வேண்டிய பேசினைத் தூக்கி, வட்டத்துக்குக் கிட்ட ஒட்டின மற்ற ஆளிட்டைக் குடுத்தன். பின்னாலயிருந்து ஒருத்தி, "தோட்டத்து ஆக்கள் எண்டால் இப்பிடித்தான்" எண்டு முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. கேட்டும் நான் அவளை ஏசேல்லை. எழுதவே வெக்கமாக் கிடக்குது.

அண்டு பின்னேரம் முழுக்க வளவைச் சுத்தி நடந்தன். தேத்தண்ணி போட்டன், குடிக்கேல்லை. யாழ்ப்பாணத்தில இருந்து வந்த ஒரு அக்கா அப்பிடி வைச்சிருந்தால் நான் அந்தச் சத்தம் போட்டிருப்பனோ? இந்தக் கேள்வி காலுக்குள்ள பூந்த முள்ளு மாதிரி என்னை இருக்க விடேல்லை. விடிஞ்ச உடன என்ர வீட்டில கிடந்த புதுப் பேசின் ஒண்டைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டன்.

அவான்ர படலை தாண்டி நான் உள்ள போய் எத்தினை வருசம்? அவாதான் என்னட்டை வாறவா. நான் போறேல்லை. அதுவும் வெக்கம்தான்.

படலையடியில நிண்டபடி பாத்தன். குசினி வாசலில இருந்து கிணத்துக்கு ஒரு கயிறு, கிணத்தில இருந்து கக்கூசுக்கு ஒரு கயிறு, இடுப்பு உயரத்தில கட்டிக் கிடந்தது. உடுப்பு ஒண்டும் அதில காயேல்லை. அக்கா ஒரு கையால கயிற்றைப் பிடிச்சு, மற்றக் கையில வாளியோட வந்தா. எனக்குப் பத்தடி முன்னால வந்து நிண்டு, தலையை நிமித்தி என்ர முகத்தை நேராப் பாத்தா. நான் சிரிச்சன். அவா சிரிக்கேல்லை. வாளியை வைச்சிட்டுக் கோழியளோட கதைக்கத் துவங்கினா.

என்ர கடவுளே!

"அக்கா" எண்டன். திடுக்கிட்டுப் போனா. "டீச்சரா? எப்ப வந்தீங்க?"

"எவ்வளவு காலமா அக்கா?"

மறைக்கப் பாத்தா. பேந்து அந்த இடத்திலயே குந்திட்டா. "ஒரு கண்ணு சுத்தமா இல்ல. மத்ததுல வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான். கிளினிக்குக்கு போனேன். இனி ஒண்ணும் செய்யேலாதாம், இருக்கிறத காப்பாத்த மருந்து விடச் சொன்னாங்க."

"அப்ப நேற்று?"

"கதவால வர்ற காத்து இடது கன்னத்துல பட்டுச்சு, அத வச்சு நடந்தேன். யானை துணியில தச்சதுதானே. தும்பிக்கை முளைக்கிற இடம் கையில தட்டுப்பட்டுச்சு. அங்கயிருந்து நாலு விரல் மேல கண்ணு. நான் பார்க்காத யானையா?" சொல்லிப்போட்டுச் சிரிச்சா. எனக்கு அழுகை வந்துது.

"அதை ஏன் அங்க சொல்லேல்லை? நான் உங்களைச் சபை நடுவில கள்ளி எண்டனே!"

"சொன்னா மகன் காதுக்கு போகும் டீச்சர். இந்த மண்ணுல எந்த மரம் எங்க நிக்கிதுன்னு காலுக்கு தெரியும். அங்க மாடியில நான் கதவு எதுன்னு தடவிக்கிட்டு நிக்கணும். கள்ளின்னு சொல்லுங்க, பரவாயில்ல. குருடின்னு மட்டும் சொல்லிடாதீங்க."

வாற வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கிறன் எண்டன். என்ர கையைப் பிடிச்சு நொருக்கிற மாதிரி அமத்தினா. "மன்னிப்பு கேட்டா ஏன்னு கேப்பாங்க. ஒண்ணும் கேக்க வேணாம்." கொண்டு போன பேசினையும் வாங்க மாட்டன் எண்டிட்டா. பேசின் எங்கால வந்ததெண்டு அதுக்கும் ஒரு கதை கட்ட வேணுமாம்.

ஞாயிற்றுக்கிழமை மகன் போன் எடுத்தான். "ரீச்சர், அம்மா களவா விளையாடிப் பிடிபட்டவாவாமே? ஊரெல்லாம் கதை." சிரிச்சான். பேந்து சிரிப்பு நிண்டுது. "ரீச்சர், அம்மாவுக்குக் கண் எப்பிடி? போன முறை வந்தபோது சோத்துக் கோப்பையைத் தடவித்தான் எடுத்தவா. கேட்டால் நல்லாத் தெரியுது எண்டுதான் சொல்லுறா. நீங்கள் பொய் சொல்ல மாட்டியள். நீங்கள் சொன்னால் நான் நம்புவன்."

நான் போனைப் பிடிச்சுக்கொண்டு விறாந்தையில அங்கயும் இஞ்சயும் நடந்தன். இவன் பெத்த தாயைப் பற்றிக் கேக்கிறான். நாளைக்கு அவா கால் தவறி விழுந்தால் இவனுக்கு நான் என்ன முகத்தோட பதில் சொல்லுறது? உள்ளதைச் சொன்னால் அந்த மனுசி மாடியில இருந்தே செத்துப் போகும்.

"ரீச்சர், கேக்குதோ?"

"கேக்குது தம்பி" எண்டன். "நான் இறுக்கிக் கட்டின சால்வைக்குள்ளாலயே ஒளிச்சுப் பாத்த மனுசிக்குக் கண்ணில என்ன குறை? கொம்மா சரியான கள்ளி."

அவன் நிம்மதியாச் சிரிச்சிட்டுப் போனை வைச்சான்.

அண்டையில இருந்து விடிய எழும்பினால் நான் முகம் கழுவிறதுக்கு முன்னம் முத்தத்தில இறங்கி ரெண்டு காணிக்கு அங்கால பாக்கிறன். அவான்ர குசினிக்கு மேலால புகை எழும்ப வேணும். சில நாள் பிந்தும். அது எழும்புமட்டும் எனக்கு ஒரு இடத்தில நிக்கேலாது.